கோடு போடுறதுக்கு முன்னாடி: ஆழிக்குமரன் ஆனந்தனும் அந்த 51 மணி நேரமும்

இந்த எபிசோட ஒரு எண்ணுல இருந்து ஆரம்பிக்கிறேன். 51.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்க லாக் அவுட் பண்றீங்கன்னு வச்சுக்குவோம். அங்கிருந்து 51 மணி நேரம் எண்ணினா ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒன்பது மணி வரும். நடுவுல ரெண்டு ராத்திரி தூங்கி எழுந்திருப்பீங்க, ஒரு பிரியாணி முடிஞ்சிருக்கும், திங்கக்கிழமையை நினைச்சு லேசா வயித்தைக் கலக்க ஆரம்பிச்சிருக்கும். 1971-ல ஒரு மனுஷன் கிட்டத்தட்ட இந்த அளவு நேரம் கடல்லயே இருந்தாரு. படகுல இல்ல, தண்ணிக்குள்ள. தலைமன்னார்ல இறங்கி, தனுஷ்கோடிக்கு நீந்திப் போய், அங்கிருந்து திரும்பி மறுபடி தலைமன்னாருக்கே நீந்தி வந்தாரு. பாக் நீரிணையை ஒரே மூச்சுல போகவும் வரவும் நீந்தினாரு. கின்னஸ் புத்தகத்துல வி.எஸ். குமார் ஆனந்தன். தமிழ்ல அவருக்கு ஒட்டிக்கிட்ட பேரு ஆழிக்குமரன் ஆனந்தன். ஆழின்னா கடல்.

ஊர் வல்வெட்டித்துறை. யாழ்ப்பாணத்துக்கு வடக்க, வடமராட்சிக் கடற்கரையில இருக்கற சின்னத் துறைமுக ஊரு.

இந்த நிகழ்ச்சியில பெரும்பாலும் ராயபுரம், காசிமேடு, எண்ணூர் பத்தித்தான் பேசுவோம். இப்ப எதுக்குத் திடீர்னு ஈழத்துக்குப் போறேன்னு கேக்கலாம். காரணம் என்னோட ஒரு நண்பன். முதல் வேலையில பக்கத்து சீட்டு. அவன் பொறந்தது வளந்தது எல்லாம் கும்மிடிப்பூண்டி அகதிகள் முகாம்ல. நம்ம எண்ணூருக்கு வடக்க, அதே ரயில் பாதையில வர்ற ஊருதான். அவங்க அப்பா அம்மாவுக்கு வல்வெட்டித்துறை. ஒரு நாள் டீக்கடையில சொன்னான்: "எங்க ஊருன்னு சொன்னா இங்க எல்லாருக்கும் ஒரே ஒரு பேரு மட்டும்தாண்டா ஞாபகம் வருது. அம்மாவுக்கு அதுக்கு முன்னாடியே ஒரு பேரு இருக்கு."

அவன் சொன்ன முதல் பேரு பிரபாகரன். அது உங்களுக்கும் தெரியும். ரெண்டாவது பேரைத்தான் நான் அன்னிக்கு முதல் தடவையா கேட்டேன். கேட்டதுல இருந்து கிடைச்சதையெல்லாம் படிச்சுக்கிட்டு இருக்கேன்.

முதல்ல அந்த ஊரைப் பத்திக் கொஞ்சம். வல்வெட்டித்துறை மீனவர் ஊரு மட்டும் இல்ல, கப்பல்காரங்க ஊரு. சொந்தமா மரக்கப்பல் கட்டி, பாய் விரிச்சு, நாகப்பட்டினம், பர்மான்னு வியாபாரத்துக்குப் போன தண்டையல்களோட ஊரு. தண்டையல்னா கப்பல் தலைவர். அங்க கட்டின 'அன்னபூரணி'ங்கற பாய்க்கப்பலை 1930-கள்ல வில்லியம் ராபின்சன்னு ஒரு அமெரிக்க மாலுமி விலைக்கு வாங்கினாரு. வல்வெட்டித்துறை ஆளுங்களே அதை ஓட்டிக்கிட்டுப் போனாங்க. சூயஸ் கால்வாய், மத்திய தரைக்கடல், அட்லாண்டிக் எல்லாம் தாண்டி 1938 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பக்கம் குளோஸ்டர்ங்கற துறைமுகத்துல கொண்டுபோய்க் கட்டினாங்க. எஞ்சின் சத்தம் உலகக் கடலையெல்லாம் நிறைச்சிருந்த காலத்துல, பனை மரக் கரையில கட்டின ஒரு பாய்க்கப்பல்! இதுக்கே தனி எபிசோட் போடணும், போடுறேன்.

ஆனந்தன் 1943 மே மாசம் பொறந்தது இந்த ஊர்ல. எதிர்க்கரை ஒண்ணு இருக்குன்னு சின்ன வயசுல இருந்தே தெரிஞ்சு வளர்ற ஊரு அது. வேதாரண்யமும் கோடிக்கரையும் அவங்களுக்கு வெளிநாடா இருக்கல, கடலுக்கு அந்தப் பக்கத்துல இருந்த ஊருங்க, அவ்வளவுதான். நாம திருவொற்றியூர்ல நின்னு பார்த்தா நேரா எதிர்ல தெரியறது வங்காள விரிகுடா மட்டும்தான். அதுக்கு அந்தப் பக்கம் அந்தமான், அதையும் தாண்டி பர்மா. நீந்திப் போகலாம்னு யாருக்கும் தோணாத கடல் இது. அங்க தோணியிருக்கு.

அப்படி முதல்ல தோணினது ஆனந்தனுக்கு இல்ல. பக்கத்து ஊரான தொண்டைமானாறைச் சேர்ந்த மு. நவரத்தினசாமின்னு ஒருத்தர் 1954-லயே வல்வெட்டித்துறையில இறங்கி, ஒரு முழு நாளுக்கும் மேல நீந்தி, கோடிக்கரையில ஏறினாரு. பாக் நீரிணையை முதன்முதலா நீந்திக் கடந்தவர் அவர்தான். அந்த வழி நீளமானது. தலைமன்னார் - தனுஷ்கோடி தூரத்தைப் போலக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. நவரத்தினசாமி கரையேறினப்ப ஆனந்தனுக்குப் பத்து வயசு. ஊரே பேசிக்கிட்டிருந்த விஷயம் அந்தப் பையன் காதுலயும் விழுந்திருக்கும்தானே. 1963-ல, இருபது வயசையொட்டி, ஆனந்தனும் அதே நீரிணையில முதல் தடவையா கோடிக்கரை வரைக்கும் நீந்திட்டாரு.

நம்ம பாடப்புத்தகத்துல இந்த ரெண்டு பேருமே கிடையாது. பொது அறிவுப் புத்தகத்துல பாக் நீரிணைன்னு வந்தா பதில் மிஹிர் சென். 1966 ஏப்ரல் 5, 6 தேதிகள்ல தலைமன்னார்ல இருந்து தனுஷ்கோடிக்கு இருபத்தஞ்சரை மணி நேரத்துல வந்தாரு. கல்கத்தா பாரிஸ்டர். 1958-லயே இங்கிலீஷ் கால்வாயைக் கடந்திருந்தவர். 1966-ல ஒரே வருஷத்துக்குள்ள பாக் நீரிணை, ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ், பனாமா கால்வாய்னு அஞ்சையும் முடிச்சாரு. பெரிய சாதனை, மறுப்பே இல்ல. இந்தியாவுல இருந்து முதல் ஆளு அவர்தான். ஆனா பாக் நீரிணையை நீந்தின முதல் ஆளுன்னு அவரைச் சொல்ல முடியாது. அவருக்கு இந்தியக் கடற்படை ரெண்டு கப்பலைத் துணைக்கு அனுப்பிச்சு. அந்த நாட்டு அரசாங்கமே பின்னாடி நின்னுச்சு. நவரத்தினசாமிக்கும் ஆனந்தனுக்கும் இருந்தது ஊரு. யாரு பேரு புத்தகத்துல நிக்குதுங்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

சரி, அந்தக் கடல் எப்படிப்பட்டது? பாக் நீரிணை ஆழமில்லாத கடல். பல இடத்துல ஒரு நாலு மாடிக் கட்டடத்தை இறக்கினா மொட்டை மாடி வெளியில தெரியும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல ராமர் பாலம், ஆதாம் பாலம்னு சொல்ற மணல் திட்டு வரிசை இருக்கு. ஆழம் கம்மின்னா சுலபம்னு நினைச்சிடாதீங்க. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. ரெண்டு பெரிய தண்ணிக்கு நடுவுல ஒரு குறுகலான வாசல். காத்து மாறினா நீரோட்டமும் திசை மாறும். வாடைக்காத்து வீசுற மாசங்கள்ல ஒரு பக்கம் இழுக்கும், சோளகக் காத்துல எதிர்ப்பக்கம் இழுக்கும். ரெண்டுக்கும் நடுவுல, மாசி பங்குனியை ஒட்டி, கடல் கொஞ்சம் அடங்கி இருக்கும். நீச்சல்காரங்க பெரும்பாலும் மார்ச், ஏப்ரலைத் தேர்ந்தெடுக்கறதுக்குக் காரணம் அதுதான். இதைத் தவிர ஜெல்லி மீன், கடல் பாம்பு, உச்சி வெயில்.

இப்ப கணக்குக்கு வருவோம். என் தொழில் புத்தி, எண்ணைப் பார்த்தா வகுத்துப் பார்க்காம விட மாட்டேன். தலைமன்னார் - தனுஷ்கோடி நேர்கோட்டுல கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். போகவர 60. அதை 51 மணி நேரத்தால வகுத்தா மணிக்கு 1.2 கிலோமீட்டருக்கும் கம்மி. நாம சாதாரணமா நடக்கிறதே மணிக்கு நாலு, அஞ்சு கிலோமீட்டர். நல்லாப் பழகின நீச்சல்காரர் குளத்துல மணிக்கு மூணு போவாரு. அப்ப ஆனந்தன் மெதுவா நீந்தினாரா?

இந்தக் கேள்விதான் என்னை ரொம்ப நாள் பிடிச்சு வச்சிருந்துச்சு. நேர்கோட்டுத் தூரம்ங்கறது வரைபடத்துல இருக்கற தூரம். கடல்ல நீரோட்டம் குறுக்க வந்தா நீங்க முன்னாடி போற மாதிரி இருக்கும், ஆனா பக்கவாட்டுல போய்க்கிட்டு இருப்பீங்க. எதிர வந்தா கை கால் ஓயாம அடிச்சும் நின்ன இடத்துலயே நிப்பீங்க. சில நேரம் பின்னாடியே போவீங்க. இன்னிக்கு யாராவது நீந்தினா துணைப் படகுல ஜி.பி.எஸ். இருக்கும், எந்த நிமிஷம் எங்க இருந்தாருன்னு வளைஞ்சு வளைஞ்சு ஒரு கோடு கிடைக்கும். 1971-ல அது இல்ல. திசைகாட்டி, கலங்கரை விளக்கு, படகுக்காரரோட அனுபவம், அவ்வளவுதான். அதனால ஆனந்தன் உண்மையில எத்தனை கிலோமீட்டர் நீந்தினாருன்னு ஒரு லாக் ஃபைல் கிடையாது. மிச்சம் இருக்கறது நேரம் மட்டும்தான். அந்த 1.2-ங்கற எண்ணுல தெரியறது அவரோட வேகம் இல்ல. கடல் அவரை எவ்வளவு தள்ளிச்சு, தள்ளத் தள்ள அவர் எவ்வளவு நேரம் விடாம இருந்தாருங்கறதுதான்.

51 மணி நேரம் உப்புத் தண்ணியில இருந்தா உடம்புக்கு என்ன ஆகும்? இங்கிலீஷ் கால்வாய்ல எதிரி குளிர். ஆகஸ்ட்லகூடத் தண்ணி பதினேழு, பதினெட்டு டிகிரிதான் இருக்கும். பாக் நீரிணையில குளிர் அந்த அளவு பிரச்சினை இல்ல, இங்க எதிரி வேற. உப்பு பட்டுப்பட்டு நாக்கு வீங்கும், சாப்பாடு முழுங்க முடியாது. அக்குள், கழுத்துன்னு தோல் உரசுற இடமெல்லாம் புண்ணாகும், அந்தப் புண்ணுல மறுபடி உப்பு. கண்ணு வீங்கி மூடிக்கும். சுத்தி முழுக்கத் தண்ணி, ஆனா உடம்பு காஞ்சுக்கிட்டே போகும். விதிப்படி படகைத் தொடக் கூடாது. தொட்டா அதோட முடிஞ்சுது. சாப்பாடு, தண்ணி எல்லாம் கயித்துலயோ கம்புலயோ கட்டி நீட்டணும், மிதந்துக்கிட்டே வாங்கிக்கணும். எல்லாத்தையும்விடப் பெருசு தூக்கம். ரெண்டு ராத்திரி. ரிலீஸ் நேரத்துல ஒரு ராத்திரி முழிச்சுட்டு மறுநாள் காலையில நான் என் பேரையே தப்பா டைப் பண்ணியிருக்கேன். ரெண்டாவது ராத்திரியில, இருட்டுல, வாய் அளவுக்குத் தண்ணியில இருக்கற ஒரு மூளைக்கு என்னென்ன தெரிஞ்சிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னொண்ணு. பாதி வழியில அவர் தொட்டுத் திரும்பின தனுஷ்கோடி எப்படி இருந்துச்சு தெரியுமா? 1964 டிசம்பர் 22, 23 ராத்திரிப் புயல்ல அழிஞ்சு போன ஊரு அது. பாம்பன்ல இருந்து வந்த பாசஞ்சர் ரயில் ஆளுங்களோட கடல்ல போன அதே ராத்திரி. எழும்பூர்ல டிக்கெட் வாங்கி, போட் மெயில்ல தனுஷ்கோடி வந்து, கப்பல் மாறி, தலைமன்னார்ல மறுபடி ரயில் ஏறி கொழும்பு போற வழி 1914-ல இருந்து இருந்துச்சு. அந்தப் புயலோட தனுஷ்கோடி வழி முடிஞ்சு போச்சு. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறிடுச்சு. ஆனந்தன் வந்தப்ப அங்க இடிஞ்ச ஸ்டேஷனும் மணலும்தான். இருபத்தி சொச்சம் மணி நேரம் நீந்தி வந்து, அந்த மணலை விட்டுட்டு, மறுபடி தண்ணிப் பக்கம் திரும்பியிருக்காரு.

இப்ப இந்த எபிசோடோட தலைப்புக்கு வர்றேன். ஆனந்தன் நீந்தினது 1971. இந்தியாவும் இலங்கையும் அந்த இடத்துல கடல் எல்லையை ஒப்பந்தம் போட்டு வரைஞ்சது 1974 ஜூன்ல. கச்சத்தீவு அந்தப் பக்கம் போன அதே ஒப்பந்தம். பாக் நீரிணையில இருந்து ஆதாம் பாலம் வரைக்கும் புள்ளி புள்ளியா அளவு குறிச்சு ஒரு கோடு. 1976 மார்ச்சுல மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இன்னொரு ஒப்பந்தம், மிச்சக் கோடு. இன்னிக்கு நியூஸ்ல "எல்லை தாண்டி மீன் பிடித்ததாக" அப்படின்னு மாசத்துக்கு ரெண்டு தடவை வருதே, அந்த எல்லை.

ஆனந்தன் ரெண்டு தடவை குறுக்க போன தண்ணியில அப்ப அந்தக் கோடு வரையப்படலை. ரெண்டு நாடு இருந்துச்சு, பாஸ்போர்ட் இருந்துச்சு, கள்ளக்கடத்தலைத் தடுக்கற ரோந்தும் இருந்துச்சு, அதெல்லாம் இல்லாத பொற்காலம்னு நான் சொல்ல வரல. ஆனா நடுக்கடல்ல இந்த அலை எங்களோடது, அடுத்த அலை உங்களோடதுன்னு ஒரு அளவு அப்ப இல்ல. அவரோட சாதனை ஒரு நாட்டுல இருந்து இன்னொரு நாட்டுக்குப் போனதுன்னு பதிவாகியிருக்கு. நம்ம நண்பனோட அம்மா சொல்றப்ப அது வேற மாதிரி இருக்காம்: "அக்கரைக்குப் போட்டு வந்தவர்." கடைக்குப் போய்ட்டு வந்தவரைச் சொல்ற மாதிரி.

1971-க்கு அப்புறம் ஆனந்தன் நிறைய கின்னஸ் முயற்சி பண்ணினாரு. பட்டியலைப் பார்த்தா முதல்ல சிரிப்பு வரும். 1979-ல 187 மணி நேரம் நிறுத்தாம சைக்கிள் ஓட்டினாரு. அதே வருஷம் 136 மணி நேரம் பஞ்சிங் பந்தை விடாம குத்திக்கிட்டே இருந்தாரு. 1980-ல ஒத்தைக் கால்ல 33 மணி நேரம் நின்னாரு. 1981-ல 80 மணி நேரம் தண்ணியில மிதிச்சுக்கிட்டே நின்னாரு. அவர் சட்டம் படிச்ச வழக்கறிஞர். கோட்டு போட்ட ஒரு வக்கீலுக்கு இது எதுக்குன்னு கேக்கத் தோணும்.

ஆனா நம்ம ஊர்ப் பக்கம் பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, இது புதுசு கிடையாது. திடல்ல ஏழு நாள் சைக்கிளை விட்டு இறங்காம வட்டம் அடிக்கறவரு வருவாரு. சைக்கிள்லயே குளிப்பாரு, சைக்கிள்லயே சாப்பிடுவாரு, ராத்திரியானா ட்யூப்லைட் உடைப்பாங்க, ரெக்கார்ட் டான்ஸ் நடக்கும், கடைசி நாள் சட்டையில ரூபா நோட்டு குத்துவாங்க. அந்த மனுஷங்களுக்கு எந்தப் புத்தகத்துலயும் பேரு கிடையாது. ஆனந்தன் செஞ்சது அதே வித்தை, அதைக் கடிகாரமும் சாட்சியும் வச்சு லண்டன்ல இருக்கற புத்தகத்துல ஏத்திட்டாரு. நான் இதைக் குறைவா நினைக்கல. 1875-ல இங்கிலீஷ் கால்வாயை முதன்முதலா நீந்தின கேப்டன் மேத்யூ வெப்பும் பிற்காலத்துல கண்ணாடித் தொட்டியில நாள்கணக்கா மிதந்து காட்டித்தான் சம்பாதிச்சாரு. கடைசியில 1883-ல நயாகராவுக்குக் கீழ இருக்கற சுழல்ல இறங்கி உயிரை விட்டாரு. நீண்ட தூரம் நீந்தறவங்களுக்குச் சம்பளம் குடுக்கற உலகம் அன்னிக்கும் இல்ல, பெருசா இன்னிக்கும் இல்ல.

வெப்புக்கு டோவர்ல நினைவுச் சின்னம் இருக்கு. அந்த டோவருக்கும் பிரான்ஸுக்கும் நடுவுல இருக்கற கால்வாய்லதான் ஆனந்தனோட கதையும் முடிஞ்சுது. 1984 ஆகஸ்ட் 6. இங்கிலீஷ் கால்வாயைக் கடக்கற முயற்சியில இறந்தாரு. வயசு 41.

இதுல தேதியைக் கவனிக்கணும். அதுக்கு ஒரு வருஷம் முன்னாடிதான் 1983 ஜூலை. கொழும்புல தமிழங்க வீடு, கடை, உடம்பு எல்லாம் எரிஞ்ச மாசம். போர் அங்கிருந்து முழுசாப் பத்திக்கிச்சு. ராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பலும் அந்த வருஷங்கள்ல நின்னு போச்சு. நவரத்தினசாமி நீந்தின வல்வெட்டித்துறை - கோடிக்கரைப் பக்கத்துத் தண்ணியில இப்ப ராத்திரி விளக்கை அணைச்சுட்டுப் படகுங்க வர ஆரம்பிச்சுது. பொம்பளைங்க, குழந்தைங்க, மூட்டை. 1954-லயும் 1963-லயும் ஊரே கரையில நின்னு கை தட்டி அனுப்பின அதே வழியில, இப்ப சத்தம் போடாம போகணும்னு குழந்தை வாயைப் பொத்தினாங்க. நண்பனோட அம்மாவும் அப்படித்தான் வந்தாங்க. ஆனந்தன் எத்தனை மணி நேரத்துல கடந்தாருன்னு அவங்களுக்குத் தெரியும், தான் எத்தனை மணி நேரத்துல கடந்தோம்னு தெரியலன்னு சொன்னாங்களாம்.

அதுக்கப்புறம் வல்வெட்டித்துறைக்கு நடந்தது நிறைய. 1987-ல வடமராட்சிப் போர் நடவடிக்கை. 1989 ஆகஸ்ட்ல இந்திய அமைதிப்படை இருந்த காலத்துல பொதுமக்கள் கொல்லப்பட்டது. அந்த ஊரோட பேரைச் சொன்னாலே ஒரு படம் மட்டும் மனசுல வர்ற மாதிரி ஆயிடுச்சு. நீச்சல் குடை விரிச்ச மாதிரி ஒரு சந்தோஷமான விஷயம், அதுக்கு அங்க இடம் இல்லாம போச்சு. ஒரு மனுஷனை மறக்கறதுக்கு யாரும் சதி பண்ண வேண்டியதில்ல. அவரை நினைக்க வேண்டிய ஊருக்கு அதைவிடப் பெரிய துக்கம் வரிசையா வந்தா போதும்.

ஆனா ஊரு மறக்கல. போர் முடிஞ்சு வருஷங்கள் கழிச்சு, வல்வெட்டித்துறையில ஆழிக்குமரன் ஆனந்தன் பேர்ல ஒரு நீச்சல் தடாகம் கட்டினாங்க. கடல்ல நீந்தினவருக்குக் குளம் கட்டறதான்னு நான் முதல்ல நண்பன்கிட்ட கிண்டல் பண்ணினேன். அவன் சொன்ன பதில் வேற: சிலை வச்சா மாலை போடுவாங்க, தடாகம் கட்டினா பசங்க குதிப்பாங்க. போரைப் பார்த்து வளந்த ஒரு தலைமுறை கடல் பக்கம் போகவே பயந்துச்சு, கரையில காவல் இருந்துச்சு, மீன் பிடிக்கவே தடை இருந்த காலமும் இருந்துச்சு. கப்பல்காரங்க ஊர்லயே நீச்சல் தெரியாம வளந்த பசங்க இருந்தாங்கன்னா, திரும்ப ஆரம்பிக்க வேண்டிய இடம் அந்த நீலக் குளம்தான்.

இந்தக் கதையில இன்னும் ஒரு திருப்பம் இருக்கு. 2021 ஏப்ரல்ல ஆனந்தனோட அந்த ரெட்டை வழி நேரத்தை ஒருத்தர் முறியடிச்சாரு. ரொஷான் அபேசுந்தர. இலங்கை விமானப்படையில இருக்கறவர். தலைமன்னார் - தனுஷ்கோடி - தலைமன்னார், 28 மணி 19 நிமிஷம். யோசிச்சுப் பாருங்க: வல்வெட்டித்துறைக்காரர் வச்ச நேரத்தை, அந்த ஊரு வானத்தைப் பார்த்து எந்தப் படையைக் கண்டு பதுங்கிச்சோ, அந்தப் படையில பிற்காலத்துல சேர்ந்த ஒருத்தர் தாண்டறாரு. எனக்கு இதுல கோபமும் வரல, புல்லரிக்கவும் இல்ல. நான் கவனிச்சது வேற. 50 வருஷமா யாரும் தொடாத நேரம் உடைஞ்ச அன்னிக்குத்தான் கொழும்புப் பத்திரிகைகள் ஆனந்தன் பேரை மறுபடி எழுதினாங்க. உடைக்கறவன் யாருன்னு சொல்ல, உடைபட்டது யாரோடதுன்னு சொல்லித்தானே ஆகணும்.

தமிழ்நாட்டுப் பக்கமும் அந்தத் தண்ணியில நிறைய பேர் நீந்திட்டாங்க. நம்ம சென்னைப் பையன் குற்றாலீஸ்வரன் 1994-ல, பன்னெண்டு வயசுல, பாக் நீரிணை, இங்கிலீஷ் கால்வாய் உட்பட ஒரே வருஷத்துல ஆறு கடல்வழிகளைக் கடந்து மிஹிர் சென்னோட அஞ்சைத் தாண்டினாரு. அர்ஜுனா விருது வாங்கினாரு. அப்புறம் ஸ்பான்சர் கிடைக்காம நீச்சலை விட்டுட்டு, கடைசியில என்னை மாதிரியே இன்ஜினியரிங் படிக்கப் போய்ட்டாரு. தமிழ்நாட்டுல எல்லாக் கதையும் ஒரு கட்டத்துல இன்ஜினியரிங் காலேஜ் வாசல்ல போய் நிக்கும் போல.

இப்ப நீந்தறவங்களுக்கு ரெண்டு நாட்டு அனுமதி வேணும், கடலோரக் காவல் படை, கடற்படைன்னு கடிதம் கடிதமா ஓடணும். நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சுது. காங்கேசன்துறையில இறங்கினா வல்வெட்டித்துறை பக்கம்தான். என்கிட்ட பாஸ்போர்ட் இருக்கு, போய்ப் பார்த்துட்டு வரலாம்னு இருக்கேன். நண்பன்கிட்ட பாஸ்போர்ட் இல்ல. இந்த மண்ணுல பொறந்து, இந்த மண்ணுல படிச்சு, வரி கட்டற வேலையில இருந்தும் இன்னும் குடியுரிமை இல்ல. அதனால அவங்க அம்மா கேட்ட போட்டோவை நான்தான் எடுத்துட்டு வரணும். தடாகத்தோட பேர்ப்பலகை ஒண்ணு, தடாகத்துக்குப் பின்னாடி கடல் தெரியற மாதிரி ஒண்ணு.

இதெல்லாம் படிக்கறப்ப நம்ம கடற்கரையைப் பத்தியும் யோசிக்காம இருக்க முடியல. துறைமுகம் கட்ட ஆரம்பிச்சது 1870-கள்ல. தெற்க இருந்து வடக்க நகர்ந்துக்கிட்டிருந்த மணலைத் துறைமுகச் சுவர் மறிச்சுது. அதனால மெரினா அகலமாச்சு, ராயபுரம், திருவொற்றியூர்க் கரையைக் கடல் தின்னுச்சு. தெருத்தெருவா போச்சு. இப்ப எண்ணூர் விரைவு சாலை ஓரமா மைல் கணக்குல பாறாங்கல்லு, நடுநடுவுல தூண்டில் வளைவு. அதுக்கு மேல 2017 ஜனவரியில காமராஜர் துறைமுகம் பக்கம் ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டி, கறுப்பாக் கரை ஒதுங்கினதை நம்மாளுங்க பக்கெட்டுல அள்ளினாங்க. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தோட கொசஸ்தலையாத்துல மறுபடி எண்ணெய். அதே மாசக் கடைசியில பெரியகுப்பத்துல ராத்திரி அமோனியா. இவ்வளவுக்கும் நடுவுல குப்பத்துப் பசங்க இன்னும் அந்தக் கல்லு மேல இருந்து தண்ணிக்குள்ள தலைகீழாக் குதிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. அவங்களுக்கு நேரம் குறிச்சு வைக்க யாரும் இல்ல.

அதனால இந்தத் தடவை ஒரு வேண்டுகோள். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எர்ணாவூர் பக்கம், அம்பது அறுபது வருஷம் முன்னாடி கடல்ல தூரமா நீந்தினவங்க கதை உங்க வீட்டுல ஓடியிருக்கும். கப்பல்ல இருந்து கரைக்கு நீந்தி வந்தவரு, பந்தயம் கட்டி நீந்தினவரு, கட்டுமரம் கவுந்து ராத்திரி முழுக்க மிதந்து வந்தவரு. யாரு, எந்த வருஷம், எங்க இறங்கி எங்க ஏறினாருன்னு தெரிஞ்ச வரைக்கும் குரல் பதிவா அனுப்புங்க. வருஷம் சரியாத் தெரியலன்னா, எந்தப் புயலுக்கு முன்னாடி, எந்தத் தேர்தலுக்கு அப்புறம்னு சொன்னாக்கூடப் போதும், நான் கண்டுபிடிச்சுக்கறேன். அடுத்த எபிசோட்ல அன்னபூரணிக் கப்பல்.